அவர் பெயர் கொண்டவர்கள்

என் கணவரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அரபுப் பெயர், சின்னப் பெயர். நம்பிக்கைக்கு உரியவன் என்று அதற்குப் பொருளாம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருநாள் ஃபோனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெயரின் மேல் எனக்கு ஒரு கண். தானாக வந்து நம்பச் சொல்கிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. காய்கறி வண்டிக்காரர் "நம்பி வாங்குங்கக்கா" என்று சொன்னால், ஒவ்வொரு தக்காளியையும் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போடுவேன்.

என் தொழிலும் அப்படி. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுக்கும் பெண்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள். "போன மாசம் தைச்சதுதான், கரெக்டா இருக்கு" என்பார்கள். டேப்பை எடுத்து அளந்து பார்த்தால் இரண்டு விரற்கடை பிடிக்கும். அளந்து பார்க்காமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது என்பதை முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டேன். வீட்டு மனிதரை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டேன் என்று ஒரு காலத்தில் ரொம்பக் கொதித்துப்போயிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பெயரை என் வாயால் சொன்னதே இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நிக்காஹ் அன்றைக்கு அவர் பெயரையும் அவரைப் பெற்ற அத்தா பெயரையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்கள். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, இது நம் ஊர்ப் பழக்கம் என்று பிறகு பெண்களுக்கு நடக்கும் மார்க்கப் பேச்சில், பயானில், எடுத்துச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் வாய் வரவில்லை.

இதில் நான் தனி ஆளும் இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவும் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டாள். பெருமாள் பெயர் அது. கோயிலுக்குப் போனாலும் "சாமி, சாமி" என்றுதான் கும்பிடுவாளாம். நாங்கள் இருவரும் சேர்ந்து ரேஷன் கடைக்குப் போவோம். பெயர் கேட்டால் அவள் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வேன், என் வீட்டுக்காரர் பெயரை அவள் சொல்வாள். கடைக்காரர் முதலில் குழம்பினார். பிறகு பழகிக்கொண்டார்.

அவரை நான் கூப்பிடுவது "ஏங்க" என்றுதான். அதையும் உள்ளறையிலிருந்து கத்திக் கூப்பிடுகிற வழக்கமில்லை. எதிரில் போய் நிற்பேன், அவர் நிமிர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் பேச்சு. சோறு போட்டாயிற்று என்றால் தட்டை அவர் கண்முன் வைப்பேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டதில்லை.

அந்தப் பெயர் இவருக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஓசூரில் எங்கள் தெருவைச் சுற்றியே அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர், பழைய இரும்பு வாங்கி விற்கிறவர் ஒருவர், தேர்தலுக்குத் தேர்தல் நின்று தோற்கிறவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு அடைமொழி வைத்துத்தான் ஆள் அடையாளம் சொல்வார்கள். என்னவருக்கு ஃபிட்டர் என்று அடைமொழி. கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. இரும்புத் தகடு அடிக்கும் பெரிய பெரிய மிஷின்கள் அங்கே இரவும் பகலும் இடித்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பெயர்க்கூட்டத்தால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ கணவர் பெயர் கேட்டால், பக்கத்தில் மகள் இல்லாத சமயத்தில், வெளியே கையைக் காட்டுவேன். பிரியாணிக் கடைப் பலகையோ, தோற்றவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் ஃபிளெக்ஸோ எங்காவது கண்ணில் படும். ஒருமுறை கவுண்டரில் இருந்த அம்மாள் ஃபிளெக்ஸை எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டாள். "நீங்க அவரு மிஸஸா, சொல்லக் கூடாதா?" என்றாள். அந்த மனிதருக்கு நான் ஓட்டுகூடப் போட்டதில்லை.

சங்கடம் ஆரம்பித்தது கிருஷ்ணகிரியில், என் அண்ணன் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில். பெண்கள் பக்கம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பெண். என்னைவிடப் பல வருடம் சின்னவள். காதில் புது ஜிமிக்கி, கையில் நல்ல ஃபோன். எந்த ஊர் என்று கேட்டேன்.

"அத்திப்பள்ளிங்க்கா. பார்டர் தாண்டுனதும் வந்துருமே. ஆனா எங்க வூட்டுக்காரருக்கு வேல உங்க ஓசூர்லதான்" என்றாள். சொல்லிவிட்டு, அவர் பெயரையும் சர்வசாதாரணமாகச் சொன்னாள். என் கணவரின் பெயர். அதை ஒரு பெண் வாயிலிருந்து, புருஷன் என்ற உரிமையோடு, நான் கேட்டது அதுதான் முதல்தடவை. எனக்குக் கையிலிருந்த கறித்துண்டு நழுவி இலையில் விழுந்தது.

"எந்தக் கம்பெனிம்மா?"

சொன்னாள். இவருடைய கம்பெனியேதான்.

"என்ன வேல?"

"பிரஸ் ஷாப்புன்னு சொல்வாருங்க்கா. எனக்கு அதெல்லாம் வெவரம் தெரியாது. காலைல போனா சில நாளு மத்தியானம் வருவாரு, சில நாளு ராத்திரி. வந்தாலும் பேச மாட்டாரு. பேசறதுக்குக் காசு கேப்பாரு போல" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பேசாத மனிதர், அதே கம்பெனி, அதே ஷாப், அதே பெயர். அதற்குமேல் பிரியாணி இறங்கவில்லை. பாதியில் எழுந்து கை கழுவப் போனேன். கல்யாண ஃபோட்டோ எதையாவது ஃபோனில் காட்டச் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அதற்குள் காவேரிப்பட்டினம் தாண்டியிருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அது எதிர்த்திசை. சூளகிரி தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் போய் நின்றேன். "ஏங்க, உங்க ஷாப்ல உங்க பேர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

என் முகத்தையே பார்த்தார். "இல்லியே. நான் ஒருத்தன்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னா இருக்குது? ஒருத்தன்தான்."

அன்றிலிருந்து நான் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன் என்று வையுங்கள். அளக்க அளக்க ஒன்றும் சரியாக வரவில்லை. ஃபோன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் படியில் ஏறினால் சட்டென்று கட் பண்ணினார். அப்புறம் ஃபோன் பேசுவதையே விட்டுவிட்டு, ஒற்றை விரலால் மெசேஜ் தட்டப் பழகினார். இந்த வயதில் யாருக்கு மெசேஜ்? கல்யாணம் ஆனதிலிருந்து கட்டிலில் வலப்பக்கம் படுத்தவர், ஒருநாள் காரணம் சொல்லாமல் இடப்பக்கம் மாறிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடைசி நேரத்தில் ஓடுகிறவர், முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தார். பாவம் செய்தவனுக்குத்தான் இவ்வளவு பயம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் தெலுங்கு அக்கா வந்து, "உங்காளு சனிக்கிழம அத்திப்பள்ளி பஸ் ஸ்டாண்டுல நின்னாரு. எங்காளு பாத்துக் கூப்ட்டாராம். காதுல வாங்காத மாதிரி போய்ட்டாராம்" என்றாள். கூடவே, "ஏமோ, என்னமோ, எனக்கு எதுக்கு" என்று முடித்தாள். கொளுத்திப் போடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இதைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகளை உட்காரவைத்தேன். "அத்தா பேர்ல உலகத்துல யாரெல்லாம் பெரிய ஆளா இருக்காங்கன்னு பாரு."

"எதுக்கும்மா?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

அவள் ஃபோனில் படித்துக்கொண்டே போனாள். ஒரு ராஜா. ஒரு பாட்டுக்காரர். பந்து விளையாடுகிறவர் ஒருவர். நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்ட பழைய காலத்து அறிஞர் ஒருவர். ஒரு நாட்டு மந்திரி, அவரைப் பிடித்துச் சிறையில் போட்ட தளபதி. இரண்டு பேருக்கும் இதே பெயர்.

"ராஜாவுக்கு எத்தன பொண்டாட்டி?" என்று கேட்டேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேடினாள். "நாலுக்கு மேல போட்டிருக்கும்மா."

"பாட்டுக்காரருக்கு?"

"மூணு. ஆனா ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு."

"பந்துக்காரன்?"

"ஒண்ணுதான். அதுலயும் ஏதோ கேஸ் நடக்குது."

"அந்த நட்சத்திரக்காரர்?"

"கல்யாணமே பண்ணலயாம்."

அந்த ஒருவர்தான் பெயரைக் காப்பாற்றினார் என்று நினைத்தேன். அவரையும் யார் பார்த்தார்கள்? வானத்தைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போகிற ஆள்தானே அவரும். இவரும் மாடிக்குத்தான் போகிறார். மகள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, என்ன பிரச்சன?" என்றாள். "ஒண்ணுமில்ல, படி போ" என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய ஜாக்கெட்டிலோ ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே, "வா, கெலவரப்பள்ளி போய் மீன் வாங்கிட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தார். அணைப் பக்கம் போகிற உள்ரோட்டில் சாமந்தித் தோட்டமும் கண்ணாடிக் குடில் ரோஜாவும் மாறி மாறி வரும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகோடு பேசிக்கொண்டு போவது எனக்கு எப்போதும் பிடிக்கும். நான் தெருக்கதை எல்லாம் சொல்வேன், அவர் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டு வருவார். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை முதுகைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று அன்று துணிந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு வேற குடும்பம் இருக்குதா?"

"உம்" என்றார்.

சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அத்திப்பள்ளிலயா?"

"உம்."

"கொழந்தயும் இருக்குதா?"

"உம், உம்" என்றார். இந்தத் தடவை தலையையும் சேர்த்து ஆட்டினார்.

அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டு போனது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி என்னைப் பார்த்துத் திரும்பி, சந்தோஷமாக, "பொரிக்கறதுக்கு வாங்கறதா, கொழம்புக்கா?" என்று கேட்டார். இந்த மனிதனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். அவ்வளவையும் ஒத்துக்கொண்டுவிட்டு மீன் கேட்கிறார். "எதுனா வாங்குங்க" என்றேன். இரண்டுக்கும் சேர்த்து வாங்கினார். அன்றைக்கு மீனையும் நான்தான் ஆய்ந்தேன், குழம்பும் நான்தான் வைத்தேன். அழுதது மிளகாய்க் காரத்தால் என்று மகளிடம் சொன்னேன்.

ஆனால் அளந்து பார்க்காமல் கத்திரி வைக்கக் கூடாது இல்லையா. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன். பார்த்தது உண்மை என்றால் கிருஷ்ணகிரிக்கு, அண்ணன் வீட்டுக்கு. மாற்றுச் சேலைகளை ஒரு பையில் மடித்து வைத்தேன். தையல் மிஷினை எப்படிக் கொண்டுபோவது என்றுகூட யோசித்தேன். அந்த ஆளை விடுவதைவிட மிஷினை விடுவது கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பையின் ஜிப்பை மூட முடியாமல் ரொம்ப நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை அவருக்குக் காலை ஷிஃப்ட். ஷிஃப்ட் விடுகிற மத்தியான நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். செக்யூரிட்டிக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "யாரு பேக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் வேண்டும் என்றால் என்ன சொல்வது? சுற்றும்முற்றும் பார்த்தேன். அங்கே பிரியாணிக் கடையும் இல்லை, ஃபிளெக்ஸும் இல்லை. "சும்மா நிக்கறேன்" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, நம் ஜாதி என்று.

சங்கு ஊதியதும் நீலச் சட்டைகளாக வெளியே கொட்டியது. எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே ஷூ, ஒரே தொப்பி. நல்லவேளையாக இவருடைய நடை எனக்குத் தெரியும், வலது தோளை லேசாக இறக்கி நடப்பார். கண்டுபிடித்துவிட்டேன். அவர் வண்டி ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. நேரே ரோட்டுக்கு வந்து, அத்திப்பள்ளி போகிற பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். ஆக, வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிற வீடு அது.

தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறிவிட்டால் போச்சு. நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் கம்பெனி வண்டிகள். "ஏங்க" என்றேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. "ஏங்க" என்று அங்கே கூப்பிட்டால் யார்தான் திரும்புவார்கள்? அப்போது எனக்கு வந்த கோபத்தில் ஆயுசாவது ஒன்றாவது என்று தோன்றியது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. இத்தனை வருடம் எங்கே கிடந்ததோ அந்தச் சத்தம்.

மூன்று நான்கு பேர் திரும்பினார்கள். டீக்கடை வாசலில் நின்ற வயதானவர் ஒருவர் திரும்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் திரும்பினார். இவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்துகொண்டிருந்த, நான் பார்த்தே இராத ஒரு இளவயதுக்காரர் நின்று, "என்னையா?" என்பது மாதிரி நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். இவர் மட்டும் திரும்பவில்லை. தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

எல்லோர் முன்னாலும் என்னை இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொரு தடவை கத்தினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். தகடு ஏற்றுகிற லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தது. நேராக இவர் முதுகைப் பார்த்து வந்தது. கிளீனர் கையால் தகரத்தைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டான். ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஒரு அடிகூட விலகவில்லை. வேண்டுமென்றே யாரும் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

என் சத்தத்துக்குத் திரும்பி நின்ற அந்த இளவயதுக்காரர்தான் பாய்ந்து இவர் கையைப் பிடித்து இழுத்தார். லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "காது செவுடாய்யா?" என்று திட்டினான். ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற வார்த்தைதான் அது. எனக்கு மட்டும் அது வசவாகக் கேட்கவில்லை. மாடியும் மெசேஜும் முதல் வரிசையும் கட்டிலில் மாறிப் படுத்ததும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. அந்த "உம்"மும் வந்தது.

ரோட்டைத் தாண்டிப் போனேன். எப்போதும் போல அவர் எதிரில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நீ எங்க இங்க?" என்றார். பக்கத்தில் நின்ற அந்த இளவயதுக்காரர் என்னிடம், "அக்கா, என்னையா கூப்ட்டீங்க? எம் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

"உனக்கு எந்த ஊருப்பா?"

"அத்திப்பள்ளிங்க்கா. காண்ட்ராக்ட்ல புதுசா வந்திருக்கேன். இங்க எங்களுக்குப் பேரெல்லாம் ஏது, காண்ட்ராக்ட்டுன்னுதான் கூப்புடுவாங்க. அதான் யாரோ பேரச் சொன்னதும் சட்டுன்னு திரும்பிட்டேன்."

"ஒன் வூட்டுக்காரி கிருஷ்ணகிரி கல்யாணத்துக்கு வந்தாளா? புது ஜிமிக்கி போட்டுக்கினு?"

"ஆமாங்க்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவர், இவரைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணனுக்குக் காது சரியில்லைன்னு நெனைக்கிறேன். ஷாப்ல ரெண்டு மூணு தடவ பாத்தேன். யாருட்டயும் சொல்லல."

வேலைக்கு வந்து சில மாதம்கூட ஆகாத பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகத்தையே தொழிலாக வைத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் சந்தேகப்பட வேண்டிய இடத்தைத் தவிர மீதி எல்லா இடத்திலும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அத்திப்பள்ளி பஸ் போய்விட்டது. எதிர் டீக்கடையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறார்? நான் அதைக் கள்ளப் பார்வை என்று நினைத்திருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இடது காது போய் ரொம்ப நாளாகிவிட்டதாம், இப்போது வலதும் போய்க்கொண்டிருக்கிறதாம். கம்பெனியில் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். ஆனால் மிஷின் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இவர் வழக்கம், அதனால் அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். வருடா வருடம் காது டெஸ்ட் உண்டு. சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பையனின் தோள் அசைவதைப் பார்த்து அமுக்கிவிடுவாராம். தெரிந்தால் ஷாப்பை விட்டு எடுத்துவிடுவார்கள், மகள் படிப்பு முடியவில்லையே என்று பயம். ஓசூரில் எந்த டாக்டரிடம் போனாலும் கம்பெனி ஆள் யாராவது உட்கார்ந்திருப்பான், அதனால் பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு காது டாக்டர். மெயின் ரோட்டில் பின்னால் வருகிற ஹாரன் கேட்காது என்பதால் வண்டியை விட்டுவிட்டு பஸ். ஸ்பீக்கரில் போட்டால்தான் ஃபோன் கேட்கும் என்பதால் மாடி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ சந்தேகப்பட்டு ரொம்ப யோசிப்பியேன்னுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்திப்பள்ளியில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டதற்கு "உம், உம்" என்று சொன்னாரே, அதைச் சொன்னேன். டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "அதயா கேட்ட? நீ மீனப் பத்தி என்னமோ சொல்றேன்னு நெனச்சேன்."

பிறகு, தயங்கித் தயங்கி, "அந்தப் பையன் என்னமோ சொன்னான். நீ எம் பேரச் சொல்லிக் கத்துனியாமே?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"நெஜமாவா? பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு சொல்லுவியே."

"லாரிக்கு முன்னாடி நின்னாத்தான் கொறையும்."

"சத்தமாவா கூப்ட்ட?"

"ரோடே திரும்பிச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எனக்குக் கேக்கலியே" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். காது நன்றாக இருந்த அத்தனை வருடமும் இந்த மனிதர் கேட்டிருக்கலாம். நான்தான் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு உள்ரோடு வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் அவர் தோளில் வைத்துக்கொண்டேன். வலப்பக்கம் லாரி வந்தால் வலது தோளைத் தட்டினேன், இடப்பக்கம் ஆட்டோ வந்தால் இடது தோளை. அவர் அதற்குத் தகுந்த மாதிரி ஒதுங்கினார். தெரு முனையில் தோற்றவரின் ஃபிளெக்ஸ் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் குனிந்து, அவர் முதுகோடு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உம்" என்றார்.

இன்னொரு தடவை கூப்பிட்டேன்.